பழைய அனிமே வாங்கும்போது படம் முழுசா என்று பாருங்கள்

ப்ளூ-ரே என்றாலே டிவிடியைவிட மேல் என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. 1989 முதல் 1996 வரை ஜப்பானில் ஒளிபரப்பான ‘டிராகன் பால் இசட்’ 4:3 சட்டத்துக்காக வரையப்பட்டது. அமெரிக்காவில் ஃபியூனிமேஷன் நிறுவனம் 2007 முதல் விற்ற ஆரஞ்சு டிவிடி பெட்டிகளிலும், 2013இல் தொடங்கிய ப்ளூ-ரேக்களிலும் அதை 16:9 ஆக்க மேலும் கீழும் நறுக்கிவிட்டார்கள். 4:3 படத்தை இப்படி வெட்டினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். பக்கவாட்டில் கொஞ்சம் கூடுதலாகத் தெரிவது அதற்கு ஈடாகாது. நெருக்கக் காட்சிகளில் நாயகன் கோகுவின் தலைமுடியே காணாமல் போகிறது. 2009இல் வரத் தொடங்கிய ‘டிராகன் பாக்ஸ்’ வெறும் டிவிடிதான், ஆனால் படம் முழுசாக இருக்கிறது.

பெரிய டிவியில் இருபுறமும் கறுப்புப் பட்டை உறுத்துமே என்பார்கள். உறுத்தும்தான், பத்து நிமிடத்துக்கு. படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரிவது அழுக்கு என்பதும் தவறு. அது ஃபிலிமின் இயல்பு. அதை மென்பொருளால் வழித்தெடுத்தால் மைக்கோடுகளும் சேர்ந்தே மழுங்கும். டிராகன் பாக்ஸ் இப்போது அச்சில் இல்லை, பழையது கிடைத்தாலும் விலை கடிக்கும் என்பதுதான் நியாயமான ஆட்சேபம். அப்படியானால் வேறு எந்தப் பதிப்பானாலும் ஸ்க்ரீன்ஷாட் பார்த்து, 4:3 என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள். அமெரிக்க டிவிடியின் ரீஜன் குறியீடு 1, இந்தியாவினுடையது 5. பிளேயர் ஏற்குமா என்றும் பாருங்கள்.