முதலில் பெயர்களை எழுது

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தேன். மியான்மர் சிறைகளில் அடைபட்டிருக்கும் மாணவர்களுக்காக உலக வழக்கறிஞர் அமைப்புகளுக்கு எழுதப் போகிறேன், பெரியப்பா பார்த்துத் திருத்தித் தர வேண்டும் என்று கேட்டிருந்தாய். சட்டக் கல்லூரியில் படிக்கும்போதே உனக்கு இந்தக் கவலை வந்திருக்கிறதே என்று மனம் நிறைந்தது. ஆனால் இது இப்படியே போகக் கூடாது. இரண்டு பக்கத்தில் 'கொடுங்கோன்மை' என்ற சொல் ஏழு இடத்தில் வருகிறது. ஒரு கைதியின் பெயர்கூட வரவில்லை.

கட்சிக்காரர் அழுதுகொண்டே படியேறினாலும் வக்கீல் முதலில் கேட்பது தேதியைத்தான். என்றைக்குப் பிடித்தார்கள், எந்தப் பிரிவு, எந்தக் கோர்ட்டு, அடுத்த வாய்தா எப்போது. கல்நெஞ்சம் என்று நினைக்காதே. அந்த அழுகைக்கு அவரால் உதவ முடிந்த வழி அது ஒன்றுதான். உன் தாளைப் படிக்கிற ஜெனீவா வக்கீலும் அதையேதான் தேடுவார்.

ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன். இன்று நமீபியா என்று வழங்கும் நாட்டுக்கு அப்போது தென்மேற்கு ஆப்பிரிக்கா என்று பெயர். முதல் உலகப் போருக்குப் பிறகு, பொறுப்பாட்சி என்ற பெயரில் தென்னாப்பிரிக்காவின் கைக்குப் போன நிலம். 1966 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபை அந்தப் பொறுப்பாட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. தென்னாப்பிரிக்காவின் வெள்ளை அரசு வெளியேறவில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் வடக்கே ஒமுகுலுக்வோம்பாஷே என்ற இடத்தில் விடுதலைப் போராளிகளுடன் முதல் மோதல் நடந்திருந்தது. தென்னாப்பிரிக்கப் போலீஸ் பலரை வளைத்துப் பிடித்து, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோனது. வழக்கில்லை, வக்கீல் இல்லை, வீட்டாருக்குத் தகவலும் இல்லை. 1967 ஜூனில் பயங்கரவாதச் சட்டம் என்று ஒன்றை இயற்றி, 1962 ஜூன் 27 முதலே அது செல்லும் என்று எழுதிக்கொண்டார்கள். தூக்கு வரை தண்டனை தரக்கூடிய சட்டம் அது. அதன் கீழ் 37 பேரைக் கூண்டில் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஆண்டிம்பா தொய்வோ யா தொய்வோ.

அவர்களுக்காக ஓடியவர் ஜொகன்னஸ்பர்க் வக்கீல் ஜோயல் கார்ல்சன். உள்நாட்டில் யாரிடம் முறையிட்டும் பயனில்லை என்ற நிலையில் வெளிநாட்டு வக்கீல்களிடம் உதவி கேட்கப்பட்டது. கேட்ட விதத்தைக் கவனி. 'எங்கள் மக்கள் ஒடுக்கப்படுகிறார்கள்' என்பதோடு நிற்காமல் இரண்டு சட்டக் கேள்விகளை முன்னால் வைத்தார்கள். நேற்றுச் செய்ததை இன்று இயற்றிய சட்டத்தால் தண்டிக்கலாமா? ஐ.நா. உரிமையைப் பறித்துக்கொண்ட பிறகு அந்த மண்ணின் மக்களை விசாரிக்கப் பிரிட்டோரியா கோர்ட்டுக்கு என்ன அதிகாரம்? ஆப்பிரிக்காவை வரைபடத்தில் மட்டுமே பார்த்த நியூயார்க் வக்கீலுக்கும் முதல் கேள்வி சுருக்கென்று தைக்கும். தான் படித்த சட்டத்தின் அடித்தளத்தையே யாரோ தோண்டுகிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமை வழக்குகளுக்காக 1963ல் வாஷிங்டனில் தோன்றிய வழக்கறிஞர் குழு ஒன்று, 1967ல் தென்னாப்பிரிக்க வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கியது. பிரின்ஸ்டன் பல்கலையில் சர்வதேசச் சட்டம் கற்பித்த ரிச்சர்ட் ஃபால்க், சர்வதேசச் சட்ட வல்லுநர்கள் ஆணையத்தின் பார்வையாளராக அந்தக் கோர்ட்டில் போய் உட்கார்ந்தார். அவர் வாதாடவில்லை, வாதாட அனுமதியும் கிடையாது. குறிப்பேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பதுதான் பார்வையாளர் வேலை. அதுவே பெரிய காரியம் என்று ஒரு ஜூனியராகக் கீழ்க் கோர்ட்டில் நின்ற நாட்களிலேயே எனக்குப் புரிந்தது. பின்வரிசையில் அறிமுகமில்லாத ஒருவர் பேனாவோடு உட்கார்ந்தால் அரசு வக்கீலின் குரல்கூட மாறும்.

அதிகார வரம்பு பற்றிய வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. நாங்கள் உங்கள் நாட்டவர் அல்ல, எங்களை விசாரிக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று தொய்வோ கூண்டிலிருந்தே சொன்னார். தண்டனை அறிவிக்கும் முன்பே, 1968 ஜனவரி 25ல், ஐ.நா. பாதுகாப்பு அவை இந்த விசாரணையைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. பலருக்கு ஆயுள், தொய்வோவுக்கு 20 ஆண்டு. ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை. உலகம் பார்த்துக்கொண்டிருந்ததுதான் காரணம் என்று எந்த நீதிபதியும் தீர்ப்பில் எழுதமாட்டார். நான் அப்படித்தான் நம்புகிறேன். தொய்வோ ராபன் தீவுச் சிறையிலிருந்து 1984ல் உயிரோடு வெளியே வந்தார்.

கண் மட்டும் போதாது, காசும் வேண்டும். லண்டனில் செயின்ட் பால் பேராலயத்துப் பாதிரியார் ஜான் காலின்ஸ் அரசியல் வழக்குகளுக்காக நடத்திய தற்காப்பு உதவி நிதியை 1966ல் தென்னாப்பிரிக்கா தடைசெய்தது. அதன் பணத்தைத் தொட்டாலே குற்றம். ஆகவே லண்டன் வழக்கறிஞர் அலுவலகங்கள் வழியாகச் சுற்றிவளைத்துப் பணம் போனது. ஜொகன்னஸ்பர்க் வக்கீலைப் பொறுத்தவரை அது இன்னொரு வக்கீல் அனுப்பும் சாதாரணக் கட்டணம். உண்மையில் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. 1991ல் நிதி மூடப்படும்வரை சுமார் 10 கோடி பவுண்டு இப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இதில் என் மனதை அதிகம் தொட்டது குடும்பங்களுக்குப் போன கடிதங்கள். சிறையில் இருப்பவரின் மனைவிக்கோ தாய்க்கோ, முன்பின் தெரியாத ஓர் ஆங்கிலப் பெண்மணி சொந்தக் கையெழுத்தில் நலம் விசாரித்து எழுதுவார். உறைக்குள் கொஞ்சம் பணம் இருக்கும். அரசியலைப் பற்றி ஒரு வரி கூடாது, நிதியின் பெயரை எங்கும் உச்சரிக்கக் கூடாது. பிள்ளை எந்த வகுப்பு, மழை பெய்ததா என்று எழுதலாம். வரும் பதிலை எழுதியவர் லண்டன் அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பார். வீட்டில் அடுப்பெரிகிறது என்று தெரிந்தால்தானே உள்ளே இருப்பவன் நிமிர்ந்து நிற்பான்! ஐ.நா.வும் 1965ல் இதே நோக்கத்துக்கென ஒரு நிதியம் அமைத்தது. அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவரான இ.எஸ். ரெட்டி நம் சென்னைப் பல்கலையில் படித்தவர்.

தோற்ற கதையையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1977ல் தென்னாப்பிரிக்கக் கறுப்பின மக்களின் தலைவர் ஸ்டீவ் பிக்கோ போலீஸ் காவலில் இறந்தபோது, அமெரிக்காவிலிருந்து லூயி போலக்கும் இங்கிலாந்திலிருந்து டேவிட் நேப்லியும் பிரிட்டோரியாவில் நடந்த மரண விசாரணையைப் பார்க்க வந்தார்கள். குடும்பத்துக்காக சிட்னி கென்ட்ரிட்ஜ் போலீஸ்காரர்களைக் குறுக்கு விசாரணையில் துளைத்தெடுத்தார். அப்படியும் யார் மீதும் குற்றமில்லை என்றுதான் மாஜிஸ்திரேட் முடித்தார். ஆனால் நிர்வாணமாக, விலங்கிட்டு, அடிபட்ட தலையோடு பிக்கோவை வைத்திருந்த விவரம் சாட்சியமாகப் பதிவாகிவிட்டது. அதை அழிக்க முடியவில்லை.

இனி உன் தாளுக்கு வருகிறேன். ராபன் தீவுக் காலத்து வழி எல்லாம் மியான்மருக்குப் பொருந்தாது. 2021 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு அங்கே பல விசாரணைகள் சிறைக்குள்ளேயே, மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கின்றன. கைதிகளுக்காக நின்ற வக்கீல்களே கைதாகியிருக்கிறார்கள். ஆகவே பார்வையாளரை அனுப்புங்கள் என்று கேட்பது வீண். ஐ.நா.வில் தன்னிச்சைக் காவலை ஆராயும் பணிக்குழு ஒன்று 1991லிருந்து இருக்கிறது. உள்நாட்டுக் கோர்ட்டுப் படிகளையெல்லாம் ஏறி முடித்த பிறகுதான் அங்கே போகலாம் என்ற கட்டாயம் இல்லை. அதன் முடிவை அந்த அரசு மதிக்காமல் போகலாம். இருந்தாலும் 'இந்தக் காவல் சட்டவிரோதம்' என்று ஒரு தாள் கையில் இருந்தால், அதைக் காட்டி இன்னும் பத்துக் கதவைத் தட்டலாம். அந்த மனுவைத் தயாரித்துக் கொடுங்கள் என்று கேள். ஒரு கடிதத்துக்கு ஒரு வேலை, அதற்கு மேல் வேண்டாம்.

பத்தாயிரம் பேருக்காக எழுதாதே, மூன்று பேருக்காக எழுது. ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, பிடித்த நாள், பிடித்தது ராணுவமா போலீசா, எந்தப் பிரிவு (ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் புகுத்திய 505ஏ என்றால் அதைத் தனியாகச் சொல்), கடைசியாக வீட்டார் பார்த்த தேதி. நேரில் பார்த்தவர் சொன்னதையும் காதில் விழுந்ததையும் ஒரே பத்தியில் கலக்காதே. ஒரு தேதி தவறினால் அதைப் பிடித்துக்கொண்டே அந்த அரசு எல்லாவற்றையும் பொய் என்றுவிடும்.

அனுப்பும் முன் ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்க வேண்டும். நம்பிக்கையான ஆள் மூலமாகக் கேள், பாதுகாப்பில்லாத போனில் வேண்டாம். பெயர் வெளியே வந்தால் பிள்ளைக்கு உள்ளே அடி விழும் என்று ஒரு தாய் பயந்தால், அவருக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது. எவ்வளவு வலுவான வழக்கானாலும் அந்தப் பெயரை எடுத்துவிடு, காரணம் கேட்காதே.

அன்புடன்,
பெரியப்பா