பெற்றோர் விசாவும் குடும்பத்தின் உடல்நலமும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலிருந்து எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் முதியோர் பலருடைய பிள்ளைகள் இன்று மெல்போர்னிலும் சிட்னியிலும் டொரான்டோவிலும் குடியேறியுள்ளனர். பிள்ளைகளோடு நிரந்தரமாக வாழ விரும்பும் பெற்றோர் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, விசா கிடைக்குமா?" இக்கேள்வியில் 'எனக்கு' என்னும் சொல்லையே முதலில் திருத்த வேண்டியுள்ளது. பெற்றோர் விசாவில் குடும்பம் முழுவதும் ஓர் அலகாகவே மதிப்பிடப்படுகிறது. ஆஸ்திரேலிய விதிகளைக் கொண்டு இதனை விளக்குகிறோம்.

நிரந்தரப் பெற்றோர் விசாவுக்கு விண்ணப்பிக்கும் கணவன், மனைவி இருவரும் மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. உடன் செல்லாது இங்கேயே தங்கிவிடும் துணைவரும், பெற்றோரைச் சார்ந்து வாழும் பிள்ளையும் அதே விதிக்கு உட்பட்டவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. இவர்களுள் ஒருவர் தகுதி பெறாவிடினும் அனைவருடைய விண்ணப்பமும் நிராகரிக்கப்படும். வேறு சில விசா வகைகளில் இவ்விதியைத் தளர்த்த இடமுண்டு. பெற்றோர் விசாவில் அத்தளர்வு இல்லை. "அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது, அம்மா மட்டுமாவது வரட்டும்" என்று பிள்ளைகள் கூறுவதுண்டு. அம்மா மட்டும் விண்ணப்பித்தாலும் அப்பாவின் சிறுநீரகம் கணக்கில் சேர்ந்தே தீரும். மாற்றுத்திறனாளியான வளர்ந்த மகனையோ மகளையோ வீட்டில் வைத்துப் பேணும் பெற்றோருக்கு இது மேலும் வேதனை தருவது. உடன் வராத ஒருவரைப் பரிசோதனைக்கு அழைப்பது நியாயமாகாது என்று அதிகாரி ஏற்றுக்கொண்டால் மட்டுமே அவருக்கு விலக்கு கிடைக்கும். நெடுங்காலமாகத் தொடர்பற்றுப் பிரிந்து வாழும் துணைவர் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு.

அடுத்து, எந்த நோய் தடையாகும் என்னும் வினா. காசநோய் நீங்கலாக, பெரும்பாலும் நோயின் பெயரைவிட அதற்கு ஆகும் செலவே கணக்கிடப்படுகிறது. அந்நாட்டின் பொதுச் சுகாதாரச் சேவைகளுக்கு ஒருவரால் ஏற்படக்கூடிய செலவு குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் அவர் தகுதி பெறமாட்டார். 2024 ஜூலை 1 முதல் அவ்வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர். நிரந்தர விசாவுக்குப் பொதுவாக ஐந்தாண்டுச் செலவும், 75 வயதைக் கடந்தவர்க்கு மூன்றாண்டுச் செலவும் மதிப்பிடப்படும். கட்டுக்குள் இருக்கும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இவ்வரம்பை எட்டுவது அரிது. ஆனால் அவை சிறுநீரகத்தைப் பழுதாக்கிய பின் நிலைமை வேறு. "செலவு முழுவதையும் நாங்களே ஏற்போம்" என்று பிள்ளைகள் எழுதிக் கொடுப்பதும், தனியார் காப்பீடு எடுப்பதும் இக்கணக்கை மாற்றுவதில்லை. அந்நோய்நிலையில் உள்ள ஒருவருக்கு அரசு எவ்வளவு செலவிட நேரும் என்பதே அளவுகோல். எங்களுக்கு இது கடுமையான விதியாகவே தோன்றுகிறது. எனினும் விதி அவ்வாறே உள்ளது.

காசநோயில் பார்க்கப்படுவது பிறருக்குத் தொற்றும் அபாயம். 11 வயதுக்கு மேற்பட்ட அனைவருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்கப்படும். முப்பது ஆண்டுகளுக்கு முன் குணமான நோயின் தழும்பும் அதில் தென்படக்கூடும். அப்போது மூன்று நாள் காலைச் சளி மாதிரி கேட்பார்கள். அதன் கல்ச்சர் முடிவுக்கு எட்டு வாரம் வரை ஆகலாம். பழைய எக்ஸ்ரே படமும் சிகிச்சை முடித்த சீட்டும் கையிலிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். நோய் இப்போது இருப்பதாகத் தெரிந்தாலும் அது நிலையான தடையாகாது. சிகிச்சையை முழுமையாக முடித்த பின் விண்ணப்பம் மீண்டும் பரிசீலிக்கப்படும். காசநோயாளிக்கு வீட்டிலேயே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று 1950களின் பிற்பகுதியில் உலகுக்கு மெய்ப்பித்தது நம் சென்னைச் சேத்துப்பட்டு ஆய்வு மையம். அத்தகைய நகரில் இந்நோயின் பெயரைச் சொல்ல இன்னும் கூசுவது ஏனோ தெரியவில்லை.

கனடாவிலும் பெற்றோர் நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தால் உடன் வராத துணைவரும் பரிசோதிக்கப்படுவார். அங்குச் செலவு வரம்பு 2018இல் மும்மடங்காக உயர்த்தப்பட்டது. நிரந்தர வழி அடைபட்டவர்கள் சூப்பர் விசாவைக் கருதலாம். அதற்கும் மருத்துவப் பரிசோதனையும், குறைந்தது 1,00,000 கனடிய டாலர் மதிப்புள்ள மருத்துவக் காப்பீடும் தேவை.

ஆஸ்திரேலியாவில் கூடுதல் கட்டணம் செலுத்தும் பெற்றோர் வகைக்கே காத்திருப்பு பத்தாண்டுகளைக் கடந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனையோ பெரும்பாலும் இறுதிக் கட்டத்தில்தான் நடைபெறும். 62 வயதில் நலமாக விண்ணப்பித்தவர் 75ஐ நெருங்கும்போது அழைக்கப்படலாம். அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் கணவன், மனைவி இருவருமே ஆண்டுதோறும் கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். பல வீடுகளில் ஒருவருடைய சோதனை மட்டும் தவறாமல் நடக்கிறது. மற்றவர், பெரும்பாலும் தாய், "எனக்கு ஒன்றுமில்லை" என்று இருந்துவிடுகிறார்.

டிஸ்சார்ஜ் சம்மரியிலிருந்து ஒரு நோயின் பெயரை நீக்கித் தருமாறு சிலர் எங்களிடம் கேட்டதுண்டு. அதனை நாங்கள் செய்ய இயலாது. பொய்யான ஆவணம் கண்டுபிடிக்கப்பட்டால் குடும்பத்தார் அனைவருடைய விசாவும் மூன்றாண்டுகளுக்கு மறுக்கப்படலாம். பரிசோதனைக்கு முன் மாத்திரைகளை நிறுத்துவதும் கூடாது. நிறுத்தினால் கட்டுக்குள் இருந்த நோய் கட்டுமீறியதாகவே பதிவாகும்.

இப்பரிசோதனையை அந்தந்த நாட்டு அரசு அங்கீகரித்த மருத்துவர்களே செய்ய இயலும். நாங்கள் தரும் உடற்தகுதிச் சான்று அதற்கு ஈடாகாது. அங்குச் செல்லும்போது கொண்டுசெல்ல வேண்டிய பழைய சிகிச்சைக் குறிப்புகள், ஆஞ்சியோகிராம் அறிக்கை, எக்ஸ்ரே ஆகியவற்றின் நகல்களை எங்கள் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் நோயாளி எண்ணைக் கூறிப் பெற்றுக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவருடைய எண்ணையும் மறவாமல் கொண்டுவருக.