பனிமலை இல்லாத நமக்கு மலைக்காடே நீர்க் களஞ்சியம்

எவ்வளவு மழை பெய்தது என்பது மட்டும் விளைச்சலை நிர்ணயிப்பதில்லை. பெய்த நீர் எப்போது வயலுக்கு வந்து சேருகிறது என்பதும் முக்கியமாகும். மழை ஓய்ந்த பின்னும் ஆறு ஓடுவது, மலை நீரைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுவதால்தான்.

இமயத்தில்

கங்கையின் தலைப்பகுதியிலுள்ள கங்கோத்ரி பனியாறு சுமார் 30 கிலோமீட்டர் நீளமுடையது. அங்கு விழும் பனி ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்து, தன் பாரத்தாலேயே இறுகிக் கட்டியாகி, சரிவில் மெல்ல நகர்கிறது. கோடையில் உருகும் நீர் வெடிப்புகள் வழியே அடியில் இறங்கி, கோமுகத்தில் ஆறாக வெளிவருகிறது. பூமி வெப்பமடைவதால் இப்பனியாறு சுருங்கி வருகிறது. சுருங்கும் பனியாறு முதலில் கூடுதலாக நீர் தரும். பின்னர் வரத்து குறைந்துவிடும். முதலை எடுத்துச் செலவழிப்பது போன்றதே இது.

நம் மலையில்

குமரி மாவட்ட மலைகளில் பனி இல்லை. இங்கு அந்த வேலையைக் காடு செய்கிறது. இலைச்சருகு மழையின் வேகத்தைத் தணிக்கிறது. வேர்த் துளைகள் வழியே நீர் மண்ணுக்குள் இறங்கி, பின்னர் ஊற்றாகக் கசிந்து கோதையாற்றையும் பரளியாற்றையும் அடைகிறது. 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணையும், பெருஞ்சாணி அணையும் இந்நீரைத் தேக்குகின்றன. வழக்கமாக ஜூன் முதல் பிப்ரவரி வரை கால்வாய்களில் விடப்படும் இந்நீரே கன்னிப்பூ, கும்பப்பூ ஆகிய இரு போகத்துக்கும் ஆதாரம். சரிவு மொட்டையானால் மழைநீர் மண்ணோடு ஒரே நாளில் ஓடிவிடும். அணையில் வண்டல் சேரும். கோடையில் ஊற்று வற்றும்.

செய்ய வேண்டியவை

1. ரப்பர்த் தோட்டச் சரிவுகளில் குறுக்கே இடைவிட்டுக் குழிகள் எடுக்கவும். இளந்தோட்டங்களில் மூடுபயிர் வளர்க்கவும். சருகை எரிக்க வேண்டாம்.

2. கோடையில், உரிய அனுமதி பெற்றுக் குளத்து வண்டலை எடுத்து வயலுக்கு இடவும். குளத்தின் கொள்ளளவும் கூடும், மண்வளமும் பெருகும்.

3. நண்டு வளைகளை அடைத்து வரப்புகளைப் பூசவும்.

4. நெல்லுக்கு 5 சென்டிமீட்டர் உயரம் நீர் கட்டி, அது மறைந்த மறுநாள் மீண்டும் பாய்ச்சினால் போதும். கதிர் உருவாகும் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் மட்டும் வயல் காயக்கூடாது.

தலைமடை விவசாயிகள் இவ்வாறு சிக்கனமாகப் பாய்ச்சினால், கும்பப்பூ பால்பிடிக்கும் வேளையில் கடைமடை வயல்களுக்கும் தண்ணீர் எட்டும்.