நிறம் மட்டுமே உள்ள படத்தை வீட்டில் மாட்டப் போகிறாயா?

தங்கச்சி, புது வீட்டுக் கூடத்துக்கு உருவமே இல்லாத, நிறம் மட்டும் நிரம்பிய ஓவியம் ஒன்றை பிரிண்ட் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னாய். கேட்டதிலிருந்து எனக்கு ஒரே சந்தோஷம். தஞ்சாவூரில் சட்டம் போட்டுக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் இந்த மாதிரிப் படத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். முருகன் படம் கொஞ்சம் வெளுத்தாலும் முருகனைத் தெரியும். நிறத்தை மட்டுமே வைத்து வரைந்த ஓவியர் மார்க் ரோத்கோவின் படத்தில் நிறம் போய்விட்டால் பார்க்க வேறெதுவும் இல்லை.

ரோத்கோவுக்கே அது நடந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடம் ஒன்றுக்காக அவர் வரைந்த பெரிய ஓவியங்களை 1964இல் மாட்டினார்கள். பெரிய ஜன்னல்கள், நாள் முழுக்க வெயில். அவர் கலந்திருந்த ஒரு சிவப்பு நிறமி வெளிச்சம் தாங்காதது. கருஞ்சிவப்பெல்லாம் வெளிறிப்போய், 1979இல் படங்களைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டியதாயிற்று. 2014இல் மறுபடி காட்சிக்கு வைத்தபோது, போன நிறத்தை ப்ரொஜெக்டர் ஒளியால் படத்தின்மேல் பாய்ச்சித்தான் காட்டினார்கள். அசலுக்கே அந்தக் கதி என்றால், நம் சித்திரை வெயிலில் ஒரு பிரிண்ட் எத்தனை நாள் தாங்கும்? அதனால் முற்றத்து வெயில் நேராக விழும் சுவர் வேண்டாம். மேற்கு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம்.

வெயிலைவிட நம் பக்கம் எனக்குப் பெரிய பயம் ஈரம்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டா வீட்டுச் சுவர் எப்படி ஊறும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய சுண்ணாம்புச் சுவரில் அடிப்பக்கம் உப்புப் பூத்து உதிரும். புதுச் சுவரும் லேசில்லை, சிமென்ட் பூச்சு காய மாதக்கணக்கில் ஆகும். ஒரு கோடை முழுவதும் போகட்டும், அப்புறம் மாட்டு. வெளிச்சுவரைவிட இரண்டு அறைக்கு நடுவில் வரும் உள்சுவர் நல்லது.

சட்டம் போடுவதற்கு, தஞ்சாவூர் ஓவியத்துக்குச் சட்டம் போட்டுப் பழகியவரிடமே போ. அந்த ஓவியத்தில் தங்க ரேக்கும் கல்லும் மேடாக இருப்பதால், கண்ணாடி படத்தைத் தொடாமல் உள்ளே ரீப்பர் வைத்து இடைவெளி விடுவது அவருக்குக் கைவந்த வேலை. உன் பிரிண்டுக்கும் அதே இடைவெளியைக் கேள். கண்ணாடியோடு ஒட்டிய தாள் மழைக்காலத்தில் வேர்த்து, கண்ணாடியிலேயே பிடித்துக்கொள்ளும். பிறகு உரித்தால் நிறமும் சேர்ந்து வரும். பின்பக்கத்துக்கு வழக்கமாகப் போடும் ஹார்டுபோர்டும் அட்டையும் கரையானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. சன்போர்டு போடச் சொல். அதற்கும் படத்துக்கும் நடுவே அமிலமில்லாத தாள் ஒன்று இருக்கட்டும். ஓரம் முழுக்க டேப் ஒட்டி அடைக்கச் சொல். கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் பொத்தான் ஒட்டினால் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓடும். பூவேலை செய்த பொன்னிறச் சட்டம் மட்டும் வேண்டாம். ரோத்கோ தன் படங்களுக்குச் சட்டமே போடாதவர். மெல்லிய தேக்குப் பட்டை போதும்.

அதேபோல், அம்மா கொடுத்த தஞ்சாவூர் கிருஷ்ணரையும் அந்தச் சுவரில் சேர்க்காதே. தங்க ரேக்கு இருக்கும் இடத்தில் கண் வேறெங்கும் போகாது. அவருக்கு வேறு சுவர் கொடு.

அளவில் கஞ்சத்தனம் பார்க்காதே. ரோத்கோ வரைந்தவற்றில் பல, ஆளுயரத்துக்கும் மேலே. பக்கத்தில் போய் நின்றால் நிறம் நம்மைச் சூழ்ந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். அதைக் காலண்டர் அளவுக்குச் சுருக்கினால் பெயின்ட் கம்பெனியின் வண்ண அட்டைதான் மிஞ்சும். குறைந்தது 2 அடிக்கு 3 அடி போடு. கோப்பு 3600க்கு 5400 பிக்சலுக்குக் குறையக் கூடாது. ரொம்பச் சுருக்கிய (compress) கோப்பாகவும் இருக்கக் கூடாது, இருந்தால் ஒரு நிறம் இன்னொன்றில் கரையும் இடத்தில் கோடு கோடாகப் பட்டை விழும். ஆளோ மரமோ இருக்கும் படத்தில் அது மறைந்துவிடும், இதில் பளிச்சென்று தெரியும். கல்யாண பேனர் போடும் ஃப்ளெக்ஸ் கடை இதற்கு ஆகாது. பளபளப்பில்லாத பருத்தித் தாளில், பிக்மென்ட் மையில் அடித்துத் தருகிறவர்களாகத் தேடு. முழுசாக அடிக்கும் முன் ஒரு சின்னத் துண்டு அடித்து வாங்கி வந்து, காலையிலும் ராத்திரி விளக்கிலும் அந்தச் சுவரிலேயே வைத்துப் பார். வெள்ளை ட்யூப் லைட்டில் சிவப்பும் காவியும் செத்துப்போகும். மஞ்சள் சாயலுள்ள எல்இடி, நிறத்தை உள்ளபடி காட்டும் அளவான சிஆர்ஐ 90க்கு மேல் என்று பெட்டியில் பார்த்து வாங்கு.

யாருடைய படம் என்பதிலும் நேர்மை வேண்டும். நம் நாட்டில் ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. ரோத்கோ 1970இல்தான் இறந்தார். நம் நாட்டு ஓவியர்களில் கெய்தொண்டே மறைந்தது 2001இல், ராசா 2016இல். இவர்கள் படமென்றால் உரிமை பெற்று விற்பவர்களிடம் காசு கொடுத்து வாங்கு. 1940இல் இறந்த பால் க்ளேவுக்கு அந்தத் தடை இல்லை. அவருடைய வண்ணச் சதுரங்கள் நம் கூடத்துச் சிவப்புத் தரைக்கு மிக நன்றாக இருக்கும்.

என்னைக் கேட்டால், வாங்கும் முன் அசல் ஒன்றையாவது பார்த்துவிடு. சென்னைக்குப் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்குப் போ. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கியது. அங்குள்ள அருங்காட்சியகத்தில் நின்று பார்த்தால், துணியின் மேல் நிறம் எவ்வளவு கனமாக உட்கார்ந்திருக்கிறது என்பது புரியும். சென்னையிலேயே வாழ்ந்து 2022இல் மறைந்த அச்சுதன் கூடல்லூரின் படங்களையும் எங்கே கண்டாலும் விடாதே. நிறத்தை மட்டும் நம்பி வரைந்த மனிதர் அவர். கையில் காசு சேர்ந்தால், தூரத்து ஊர்ப் பெரிய பெயரின் பிரிண்டைவிட இங்குள்ள இளம் ஓவியர் ஒருவரின் சின்ன அசலே மேல் என்பேன்.

“இது என்ன படம்?” என்று மாமியார் கேட்பார். வரப்பில் நின்று தை மாதத்துச் சம்பாவைப் பார்க்கிற மாதிரி என்று சொல், தனிக் கதிர் எதுவும் முதலில் கண்ணில் படாது, மஞ்சள்தான் வந்து நிற்கும். நிலைக்கு மேலே சாய்த்து மாட்டும் பழக்கத்தை மட்டும் இந்தப் படத்துக்கு விட்டுவிடு. நீங்கள் பாயிலும் ஊஞ்சலிலும் உட்காருகிறவர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 4 அடியில் வரட்டும். பழைய சுண்ணாம்புச் சுவராக இருந்தால் வெறும் ஆணி நிற்காது, ட்ரில் போட்டு நீளமான ராவல் பிளக் வைக்கச் சொல்.

துடைக்கும்போது கண்ணாடியில் நேராக ஸ்ப்ரே அடிக்காதே, துணியில் அடித்துத் துடை. போகிக்கு வெள்ளையடிக்கக் கழற்றும்போது பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிடு. டேப் எங்காவது பிரிந்திருந்தால் அன்றைக்கே ஒட்டிவிடு, பூச்சி நுழைவது அந்த வழியாகத்தான்.