புதிய டயர் இரண்டு: முன்னாலா, பின்னாலா?

காய்கறியைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் சிறு சரக்கு வண்டியின் நான்கு டயர்களையும் ஒருசேர மாற்றுவது சிறு விவசாயிகளுக்குப் பெருஞ்செலவு. இரண்டு மட்டும் வாங்கினால், அந்தப் புதிய ஜோடியைப் பின் சக்கரங்களுக்கே பொருத்த வேண்டும். முன்னால் பொருத்துவது தவறு.

மழைநீரை வெளியேற்றுபவை டயரின் பள்ளங்களே. தேய்ந்த டயர் நீரின் மேல் மிதந்து பிடிப்பை இழக்கும். முன் டயர் வழுக்கினால் ஆக்சிலேட்டரைத் தளர்த்தலாம். வேகம் குறைந்ததும் பிடிப்பு திரும்பும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அடக்குவது கடினம். உயிருக்கே ஆபத்து.

பழையவற்றில் நல்ல ஜோடியை முன்னால் போடலாம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரை எந்தச் சக்கரத்திலும் ஓட்டக் கூடாது. ஒரே அச்சில் உள்ள இரு டயர்களும் ஒரே அளவு, ஒரே வகையாக இருத்தல் அவசியம்.