கல் என்று நினைத்தோம்

ஏர்வாடி, கீழக்கரை, இராமேஸ்வரம் பக்கம் போய்வரும் நம் பிள்ளைகள் கையோடு சங்கும் சிப்பியும் கொண்டுவருவார்கள். சில வீடுகளில் கிளை கிளையான ஒரு வெள்ளைக் கல்லும் ஷோகேஸில் ஏறிவிடுகிறது. சிலர் அதை மீன் தொட்டிக்குள்ளும் போட்டுவிடுகிறார்கள். முருகைக்கல் என்றும் பவளக்கல் என்றும் சொல்லப்படும் அது, கல்லாகப் பிறந்ததல்ல.

ஒரு சகோதரர் காட்டிய துண்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். குழிக்குள் நட்சத்திரம் போல மடிப்புகள். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் குடியிருந்த அறை. பாலிப் என்று அதற்குப் பெயர். மெத்தென்ற சிறு பை போன்ற உடல், வாயைச் சுற்றி இழை இழையாய்க் கைகள். கடல்நீரில் கரைந்திருப்பதை எடுத்துச் சுண்ணாம்பாக்கித் தன் அடியில் அறை கட்டிக்கொள்கிறது. உருண்டு பெருக்கும் வகைப் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். அப்படியானால் ஒரு சாண் கல் எத்தனை வருட வேலை என்று பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அந்தச் சிறு உடலுக்குள் இன்னும் சிறிய பாசி வாழ்கிறது. பாசி வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுக்கிறது. பவளம் அதற்கு இடமும் உரமும் கொடுக்கிறது. நிறமும் பெரும்பாலும் பாசியால் வருவதுதான். கடல் தன் வழக்கமான கோடைச் சூட்டைவிட 1 டிகிரி கூடிச் சில வாரம் நீடித்தால் போதும், பவளம் பாசியை இழந்து வெளுத்துவிடும். உடனே சாவதில்லை. சூடு தணிந்தால் பாசி திரும்பும், தணியாவிட்டால் பட்டினிதான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இப்படி நடந்தது.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பார்கள். பெரிய அலை முதலில் பாரில் மோதித் தளர்ந்த பிறகே கரைக்கு வருகிறது. மீன் குஞ்சுகள் ஒளிந்து வளர்வதும் அங்கேதான். 1986-ல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. ஆனாலும் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல காலம் பவளம் வெட்டப்பட்டது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. அதற்கு முக்கியக் காரணம் இந்த வெட்டுதான். வெட்டியவர்களை மட்டும் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் கூலிக்குப் போனவர்கள். கல்லை வாங்கியவர்கள் வேறு.

2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். "செத்த கல்தானே" என்று கடைக்காரர் நீட்டுவார். அதற்கும் இதே சட்டம்தான். தொட்டிக்கு அழகு வேண்டுமானால் ஆற்றுக் கூழாங்கல் போதும். பவளத் துண்டு நன்னீரில் மெல்லக் கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும், மென்னீர் மீன்களுக்கு அது ஆகாது.