தொழுவமாக மாறிய சிற்றாலயம்

இங்கிலாந்தின் நோபோக் பகுதியில் வயல்வெளிகளின் நடுவே அமைந்த சிறு கிராமம் வோல்சிங்ஹாம். மத்திய காலத்தில் ஐரோப்பாவின் பெரும் யாத்திரைத் தலங்களுள் ஒன்றாக விளங்கிய இப்பங்கின் சரித்திரம் நம் குடும்பங்கள் அறிய வேண்டியதொன்று.

நாசரேத்து இல்லம்

1061ஆம் ஆண்டில் ரிச்செல்டிஸ் என்னும் சீமாட்டி தேவதாயின் காட்சி பெற்று, கபிரியேல் சம்மனசு மங்கள வார்த்தை உரைத்த நாசரேத்து வீட்டைப் போன்றதொரு வீட்டை இங்கு கட்டினார் என்பது மரபு. 12ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீன் சபைத் துறவிகள் அதனருகே மடம் அமைத்தனர். ஏழைகளோடு அரசர்களும் வந்தனர். 1511இல் 8ஆம் ஹென்றி மன்னனும் யாத்திரீகனாக வந்தான்.

அழிவு

அதே மன்னன் பின்னர் பாப்பரசரைவிட்டுப் பிரிந்து மடங்களை மூடலானான். அதை எதிர்க்கச் சதிசெய்ததாக 1537இல் துணை மடாதிபதி உட்படப் பதினொருவர் கொல்லப்பட்டனர். 1538இல் மடம் பறிக்கப்பட்டது. அன்னையின் சுரூபம் தீயிலிடப்பட்டது.

ஒரு மைல் தொலைவில் ஒரு சிற்றாலயம் மட்டும் எஞ்சியது. யாத்திரீகர் பாதரட்சைகளைக் கழற்றிவிட்டு அங்கிருந்து வெறுங்காலுடன் நடந்தனர் என்பர். ஆகவே அது 'பாதரட்சை ஆலயம்' எனப்பட்டது. அதுவும் பிற்காலத்தில் ஏழைகள் விடுதியாகவும், களஞ்சியமாகவும், மாட்டுத் தொழுவமாகவும் மாறியது.

மீட்சி

1896இல் சார்லட் போய்ட் என்னும் பெண்மணி அதனை விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, டவுன்சைட் ஆசீர்வாதப்பர் மடத்திடம் ஒப்படைத்தார். அவர் 1906இல் இறந்தார். அதன்பின் 28 ஆண்டுகள் கடந்தே, 1934 ஓகஸ்டில், கர்தினால் போர்ன் தலைமையில் யாத்திரீகர் திரண்டுவர, அது தேசிய திருத்தலமாயிற்று. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதனைச் சிறு பசிலிக்காவாக உயர்த்தினார்.

அங்கிலிக்கன் சபையினரும் 1931இல் அக்கிராமத்தில் திருஇல்லத்தை மீளக் கட்டினர். இன்று இரு சபையினரும் அங்கே அன்னையை வணங்குகின்றனர். போரினால் ஊரைப் பிரிந்து பிரித்தானியாவில் வாழும் நம் தமிழ்க் கத்தோலிக்கரும் ஆண்டுதோறும் அங்கு பெருந்திரளாகக் கூடி, தாய்மொழியில் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றனர்.

நமக்குரிய பாடம்

கட்டடம் இடிந்தாலும், சுரூபம் எரிந்தாலும், விசுவாசம் அழிந்துவிடுவதில்லை. ஆனால் அது தானாக மீள்வதுமில்லை. அதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டும். பலனைக் காணாமலே சார்லட் அம்மையார் விதைத்தார். பின்வந்தோர் அறுவடை செய்தனர். நம் பிள்ளைகளுக்காக நாம் இன்று விதைப்பது என்ன? இன்றிரவு குடும்ப செபத்தின் பின் இதைப்பற்றி அவர்களோடு பேசுவோம்.